பன்சார் கட்டு... கியரைப் போடு!

கோவா போக பிளான் போட்டுப் போட்டே நாலு வருஷத்தை ஓட்டிய கேங் எல்லா ஹாஸ்டலிலும் ஒண்ணு உண்டு. குரூப்புக்குப் பேர் வெச்சு, டி-ஷர்ட்டுக்கு டிசைன் வரைக்கும் போட்டுடுவாங்க. ட்ரெயின் டிக்கெட் மட்டும் யாரும் எடுக்க மாட்டாங்க! எங்க கேங்கும் அந்த ரகம்தான். ஆனா, இந்தத் தடவை குறி வெச்சிருக்கிற ஊர் கொஞ்சம் தூரம். நேபாளம்! அதுவும் சொந்த பைக்கில், போக்ரா வழியா முக்திநாத் வரைக்கும்!

‘‘வெளிநாட்டில் பைக் ஓட்டுறதா? கிட்னியை வித்தாதான் முடியும் மச்சி’’ என்பதுதான் வகுப்பில் கிடைத்த முதல் ரெஸ்பான்ஸ். உண்மையில், கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்ம பாக்கெட் மணி ரேஞ்சுக்குள் அடங்குகிற ஒரே ஃபாரின் அதுதான். 1950-ல் இந்தியாவும் நேபாளமும் போட்ட ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் நமக்கு விசா கிடையாது. நம்ம ஊர் நம்பர் பிளேட்டோடவே உள்ளே போகலாம். இடது பக்க டிராஃபிக்தான். நம்ம டிரைவிங் லைசென்ஸே போதும். அங்கேயும் ரோட்டில் பாதி பல்சரும் ஹீரோவும்தான் என்பதால், கிளட்ச் கேபிள் அறுந்தாலும் போக்ராவில் ஸ்பேர் கிடைக்கும். பணமும் குழப்பம் இல்லை... நம்ம 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். 1993-லிருந்து இந்த ரேட் மாறவே இல்லை.

முதலில் எங்க லிஸ்ட்டில் இருந்தது வியட்நாம். யூ-டியூப்பில் பார்த்தா அவ்வளவு அழகு. ஆனா ஒரு சீனியர் அண்ணா சொன்ன பாயின்ட்டில் அந்த ஆசை புஸ்ஸுன்னு போயிடுச்சு. நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்கிற இன்டர்நேஷனல் பெர்மிட், 1949-ம் வருஷ ஜெனீவா ஒப்பந்தப்படி வர்றது. வியட்நாம் ஏத்துக்கிறதோ 1968-ம் வருஷ வியன்னா ஒப்பந்த பெர்மிட்டை. பைக்கை வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துடுவார். ஆனா விழுந்து கையை உடைச்சுக்கிட்டா, ‘செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். நம்ம வீட்டுக்கு அது தாங்குமா பாஸ்?

பேப்பர்தான் முதல் பரீட்சை!

பைக் ட்ரிப் என்றதும் எல்லாரும் லெதர் ஜாக்கெட் பத்திதான் யோசிக்கிறோம். ஆனா சுனவுலி பார்டரில் ஜாக்கெட்டை யாரும் பார்க்க மாட்டாங்க. பேப்பரைத்தான் பார்ப்பாங்க.

முதல் ஷாக், ஆதார். சிம் கார்டிலிருந்து ஸ்காலர்ஷிப் வரைக்கும் எல்லாத்துக்கும் ஆதாரை நீட்டிப் பழகிட்டோம். நேபாளத்துக்கு அது செல்லாது! 15 வயசுக்குக் கீழே, 65 வயசுக்கு மேலே இருக்கிறவங்களுக்குத்தான் ஆதார் ஓகே. நடுவில் இருக்கிற நமக்கு ஒன்று பாஸ்போர்ட், இல்லைன்னா வாக்காளர் அட்டை. எங்க நாலு பேரில் ஒருத்தனிடம் ரெண்டுமே இல்லை. ‘ஓட்டு போட்டு என்னடா ஆகப்போவுது’ என்று டயலாக் பேசித் திரிந்தவன், இப்ப வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பிச்சுட்டு தினமும் அதோட ஸ்டேட்டஸ் பார்க்கிறான்!

அடுத்தது ஆர்.சி. புக். காலேஜ் பசங்க ஓட்டுற பைக்கில் முக்கால்வாசி அப்பா பேரில்தான் இருக்கும். எல்லையில் ‘இது யார் வண்டி?’ என்று கேட்டால் ‘எங்கப்பாது’ என்ற பதில் மட்டும் போதாமல் போகலாம். ‘என் மகன் இந்த வண்டியை நேபாளத்துக்கு எடுத்துச் செல்ல சம்மதிக்கிறேன்’ என்று அப்பா கையெழுத்துப் போட்ட கடிதமும், அவருடைய அடையாள அட்டை நகலும் கையில் இருப்பது நல்லது. இதில் ஒரு சைடு எஃபெக்ட் உண்டு... அப்பாவிடம் சொல்லாமல் போகவே முடியாது!

பன்சார் என்றால் நேபாளியில் சுங்கம். எல்லையில் வண்டியை நிறுத்தி, எத்தனை நாள் உள்ளே இருக்கப் போறோம் என்று சொல்லி, நாள் கணக்கில் பணம் கட்டி வாங்குகிற சீட்டையும் அதே பேரில்தான் கூப்பிடுறாங்க. ஏன் இவ்வளவு கெடுபிடி? நேபாளத்தில் வண்டி இறக்குமதிக்கு வரி பயங்கரம். அதனால், நம்ம ஊர் ஷோரூமில் நிற்கிற அதே பைக் அங்கே பல மடங்கு காஸ்ட்லி. நீங்க ஜம்முன்னு உள்ளே போய், பைக்கை வித்துட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்துட்டா அவங்க வரி என்னாகிறது? அதனால்தான் நாள் கணக்கு. வருஷத்துக்கு 30 நாள்தான் ஒரு இந்திய வண்டிக்கு அனுமதி. சீட்டில் எழுதின நாளைத் தாண்டினால் அபராதம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் கவனம். நேபாளத்தில் ஓடுறது விக்ரம சம்வத் காலண்டர். நம்ம காலண்டரைவிட 56, 57 வருஷம் முன்னாடி! சீட்டில் தேதி அந்தக் கணக்கில், அதுவும் தேவநாகரி எண்களில் இருந்தால் நமக்கு ஒண்ணும் புரியாது. அங்கேயே நின்று, ‘இது நம்ம தேதியில் எந்த நாள்?’ என்று கேட்டு, பின்பக்கம் பேனாவால் எழுதிக்கிட்டுதான் நகரணும். 10 நாள் பயணத்துக்கு 12 நாளுக்குக் கட்டுவது என்று நாங்க முடிவு பண்ணியிருக்கோம். மலையில் மண் சரிந்து ரோடு அடைச்சா, ரெண்டு நாள் சும்மா உட்கார வேண்டி வரும். அப்ப அபராதக் கவலையும் சேர வேண்டாம் பாருங்க.

இன்ஷூரன்ஸ் விஷயத்தைப் பலர் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க. நம்ம பைக் பாலிசி இந்திய எல்லையோடு முடிஞ்சுடும். கூடுதலா ஒரு தொகை கட்டினால் நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை மாதிரி பக்கத்து நாடுகளுக்கு அதை நீட்டித்து எழுதித் தருவாங்க. ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது இந்த ஆப்ஷன் கண்ணில் படாமலே போகலாம். கம்பெனியின் கிளை ஆபீஸுக்கு நேரில் போய்க் கேட்கிறதுதான் சுருக்கு வழி.

அப்பாவின் கேள்வியும் பாட்டியின் பதிலும்

‘‘டி.வி-யில் பார்த்தியே... அந்த ஊருக்கா போறே?’’

எங்க நாலு வீட்டிலும் வந்த முதல் கேள்வி இதுதான். கேட்டதில் தப்பும் இல்லை. 2025 செப்டம்பரில் சமூக ஊடகங்களைத் தடை செய்ததில் ஆரம்பித்து, நம்ம வயசுப் பசங்க தெருவில் இறங்கி, பிரதமர் கே.பி.சர்மா ஒலி ராஜினாமா செய்யும் வரைக்கும் போனது. ஊரடங்கு, மூடின ஏர்போர்ட் என்று சுற்றுலா போனவங்களும் மாட்டிக்கிட்டாங்க. அதனால், ‘அங்கே எல்லாம் சூப்பரா இருக்கும்ப்பா’ என்று சும்மா அடிச்சு விடுறதில் பிரயோஜனம் இல்லை. நாங்க கொடுத்த பதில் ஒரு காகிதம். எந்த நாள் எந்த ஊரில் தூங்குவோம், கிளம்புறதுக்கு முந்தின வாரம் நிலவரம் சரியில்லைன்னா கோரக்பூரிலிருந்தே எங்கே திரும்புவோம், யாரிடம் அந்த ஊர் சிம் இருக்கும், எத்தனை மணிக்கு போன் வரும் என்று எல்லாம் எழுதினோம். (நேபாள மணி நம்ம மணிக்கு 15 நிமிஷம் முன்னாடி. இரவு 8 மணி என்றால் எந்த 8 மணி என்பது வரைக்கும் அம்மாவிடம் விளக்கம் கொடுத்தாச்சு!)

காகிதத்தைப் பார்த்து அப்பாக்கள் பாதி இறங்கி வந்தாங்க. மீதியை முடிச்சு வெச்சது ஒருத்தனோட பாட்டி. முக்திநாத் என்ற பேரைக் கேட்டதும் ‘‘சாளக்கிராமமாடா?’’ என்று நிமிர்ந்து உட்கார்ந்துட்டாங்க. வைணவர்களின் 108 திவ்யதேசங்களில் அது ஒன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடின தலம். ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடி, கூகுள் மேப் இல்லாத காலத்தில் தமிழில் பாடப்பட்ட ஊர்! கோயிலுக்குப் பின்னாடி வரிசையா 108 நீர்த்தாரைகள், ஐஸ் மாதிரி தண்ணீர். அதே இடம் திபெத்திய பௌத்தர்களுக்கும் புனிதம். கீழே ஓடுற காளி கண்டகி ஆற்றில் கிடைக்கிற சாளக்கிராமக் கல்லோ, நம்ம ஜியாலஜி பாஷையில் அம்மோனைட் ஃபாசில். இமயமலை இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு பாட்டி பூஜை ரூமிலேயே சாட்சி!

‘‘போய்ட்டு வரட்டும்டா’’ என்று பாட்டி சொன்னதுக்கு அப்புறம் அப்பீலே இல்லை.

எக்ஸாமா, மழையா?

எங்க பிளானின் கழுத்தில் தொங்குற கத்தி இதுதான். நேபாளத்தில் பைக் ஓட்ட நல்ல சீஸன் ரெண்டு. அக்டோபர், நவம்பர் ஒண்ணு. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் இன்னொண்ணு. செமஸ்டர் அட்டவணை போட்டவங்க அந்த ரெண்டையும் பார்த்துப் பார்த்துதான் பரீட்சை வெச்சிருக்காங்களோ என்று தோணுது! டிசம்பர் லீவில் போனால் மேலே பனி, உறைந்த ரோடு. ஜூன் நடுவில் போனால் பருவமழை. நேபாளத்தில் மழை தொடங்குற சராசரி தேதி ஜூன் 13. மே நடுவில் பரீட்சை முடிஞ்சா, எங்களுக்குக் கிடைக்கிற ஜன்னல் சுமார் நாலு வாரம்தான். பரீட்சை ஒரு பத்து நாள் தள்ளிப் போனாலும் அம்பேல்.

‘மழையில் நனைஞ்சுக்கிட்டே ஓட்டினா செமயா இருக்கும்ல’ என்று கமென்ட் அடிக்கிற மக்களுக்கு ஒரு செய்தி. 2024 ஜூலை 12 அன்று சித்வன் மாவட்டத்தில் நாராயண்காட் - முக்லிங் சாலையில் மலை சரிந்தது. 60 பேருக்கும் மேல் இருந்த ரெண்டு பஸ்களை அப்படியே திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிடுச்சு. தப்பினவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். பஸ்ஸுக்கே அந்தக் கதி என்றால் 150 சி.சி. எந்த மூலைக்கு?

அக்டோபரும் முழு கியாரன்டி இல்லை. 2014 அக்டோபரில் வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்து, வலுவிழந்து வடக்கே போனது. நம்ம ஊரில் எல்லாரும் மறந்துட்டாங்க. அந்த மேகக்கூட்டம்தான் ரெண்டு நாள் கழிச்சு அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலா இறங்கியது. முக்திநாத்துக்கு மேலே தொராங் கணவாயிலும் சுத்துவட்டாரத்திலும் 40 பேருக்கும் மேல் இறந்தாங்க. அதனால், கிளம்புற வாரம் நாங்க பார்க்கப்போற வானிலை அறிக்கை காத்மாண்டுவோடது மட்டும் இல்லை, வங்கக் கடலோடதும்தான்.

அந்த 180 கிலோமீட்டர்

சென்னையிலிருந்து கோரக்பூர் ரோட்டில் சுமார் 2,000 கிலோமீட்டர். ஓட்டலாம்தான். ஆனா மே மாச வெயிலில் நாக்பூரைத் தாண்டுறதுக்குள்ளேயே வெந்து வற்றலாகிடுவோம். அதனால் பைக்குக்கும் ரயில்தான். பெட்ரோலை முழுசா வடிச்சு, சாக்கும் வைக்கோலும் சுத்தி, ஆர்.சி. நகல் கொடுத்து பதிவு பண்ணணும். நாம போற அதே ரயிலில் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜா போடலாம். தனியா பார்சலாவும் அனுப்பலாம். பார்சல் என்றால் வண்டி எப்ப வந்து சேரும் என்பது அந்த விநாயகருக்குத்தான் வெளிச்சம். லக்கேஜுக்கே எங்க ஓட்டு.

கோரக்பூரிலிருந்து சுனவுலி எல்லை ஒரு காலைப் பொழுது. அங்கிருந்து புட்வல், தான்சென் வழியா போக்ராவுக்கு சித்தார்த்தா ஹைவே. தூரம் 180 கிலோமீட்டர் சுமார். நம்ம ஊரில் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ற தூரம். அங்கே முழு நாள். வளைவுகள் அப்படி!

போக்ராவிலிருந்து முக்திநாத்தும் கிட்டத்தட்ட அதே 180 கிலோமீட்டர்தான். ஆனா இதுக்கு நாங்க ஒதுக்கியிருக்கிறது மூணு நாள். ‘‘ஓவர் பில்டப்டா’’ என்றவனை மேப் முன்னாடி உட்கார வெச்சோம். போக்ரா 800 மீட்டர் உயரத்தில் இருக்கு. முக்திநாத் சுமார் 3,700. நடுவில் இருக்கிற ஜோம்சோம் ஊரே நம்ம தொட்டபெட்டா சிகரத்தைவிட ஒரு இன்ச் ஒசத்தி. பெனி என்ற ஊரைத் தாண்டினால் தார் ரோடு வரும், போகும்... ‘எனக்கென்ன’ என்று காணாமலும் போகும். புழுதி, ஜல்லி, குறுக்கே ஓடுற ஓடைகள். பனி உருகி வர்ற ஓடைக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரிக் குளிரில் உருகுறது குறைவு என்பதால் காலையில் தண்ணீர் கம்மி. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். காலை 7 மணிக்கு பூட்ஸ் நனையாமல் தாண்டின ஓடை, சாயங்காலம் சைலன்ஸரை முழுகடிக்கும்.

அடுத்த வில்லன் காற்று. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவுலகிரி, இன்னொரு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. நடுவில் காளி கண்டகியின் பள்ளத்தாக்கு ஒரு புனல் மாதிரி. வெயில் ஏறினதும் வடக்கே இருக்கிற பீடபூமி சூடாகி, கீழே இருந்து காற்றை உறிஞ்சும். அந்தக் காற்றெல்லாம் இந்தப் புனல் வழியாத்தான் போகணும். மதியத்தில் அங்கே நிறுத்தின பைக்கே சாயுமாம். ஜோம்சோம் ஏர்போர்ட்டில் விமானங்கள் காலையோடு கடையைக் கட்டுறதே அதனால்தான். விமானமே பயப்படும்போது நாம வீரம் காட்டவா? காலை ஆறுக்குக் கிளம்பி, பதினொண்ணுக்குள் பைக்கை நிறுத்துறது என்பது எங்க பிளானில் கல்வெட்டு.

லேட்டா எழுந்திருக்கிறதில் பல்கலைக்கழக ரேங்க் எடுக்கக்கூடிய நாலு பேர் இதை எப்படிச் செய்யப்போறோம் என்பது தனி ஆராய்ச்சி!

இதில் இன்னொரு ஆச்சர்யம் இருக்கு. போக்ராவுக்குப் பக்கத்தில், நாங்க போற ரோட்டிலேயே இருக்கிற லும்லேதான் நேபாளத்தில் அதிக மழை வாங்குற இடம். வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேலே. மலையின் அந்தப் பக்கம் ஜோம்சோமில் 300 மில்லிமீட்டர்கூடத் தேறுறது கஷ்டம். மேகத்தையெல்லாம் அன்னபூர்ணா இந்தப் பக்கமே பிழிஞ்சு எடுத்துடுது. ரெண்டே நாளில் ரெயின் கோட்டிலிருந்து பாலைவனத்துக்கு!

பைக்குக்கும் மூச்சு வாங்கும்

இது எங்க டிபார்ட்மென்ட் ஏரியா என்பதால் கொஞ்சம் பெருமையோடவே சொல்றேன். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் அரியர் வெச்சவன்கூட இப்ப இதில் புலி!

3,700 மீட்டரில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இன்ஜின் ஒவ்வொரு முறையும் இழுக்கிற காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. சமதளத்தில் 14 குதிரைத்திறன் தர்ற 150 சி.சி. அங்கே பத்தைத் தொட்டாலே பெருசு. கார்புரேட்டர் வண்டியில் கூடவே இன்னொரு தொல்லை. காற்று மெலிஞ்சது தெரியாமல் ஜெட் பாட்டுக்கு பழைய அளவிலேயே பெட்ரோலை ஊத்தும். கறுப்புப் புகை, கரி பிடிச்ச பிளக், இழுவை இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்ததுக்கு அப்புறம் வந்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்ஸார் பார்த்து பெட்ரோலைக் குறைச்சுக்கும். ஆனா, இல்லாத ஆக்ஸிஜனை எந்த சென்ஸாரும் கொண்டு வராது.

எங்களில் ஒருத்தனுடையது மாமா கொடுத்த பழைய கார்புரேட்டர் வண்டி. அதுக்கு மெயின் ஜெட் ஒரு சைஸ் சின்னதா மாத்தி, பின்பக்க ஸ்ப்ராக்கெட்டில் ரெண்டு பல் கூட்டுறதா ஐடியா. டாப் ஸ்பீடு குறையும். ஆனா ஏத்தத்தில் ஃபர்ஸ்ட் கியர் உயிரோடு இருக்கும். கீழே இறங்கினதும் மறக்காமல் பழைய ஜெட்டைத் திருப்பிப் போடணும். இல்லைன்னா சமதளத்தில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறிடும். பின்னாடி ஆள் ஏத்துறது கிடையாது. நாலு பேருக்கு நாலு பைக் என்று முடிவானதும் இதே கணக்கால்தான்.

ஆளுக்கும் அதே ஆக்ஸிஜன் பிரச்னை உண்டு. 2,500 மீட்டருக்கு மேல் அவசரமா ஏறினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. அதையும் மீறி ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதல் இரவு தாதோபானி (‘தாதோ’ என்றால் சூடு, ‘பானி’ தண்ணீர். ஊரில் நிஜமாவே வெந்நீர் ஊற்று இருக்கு!). ரெண்டாவது இரவு மார்ஃபா, ஆப்பிள் தோட்டத்துக்குப் பேர் போன ஊர். மூணாவது நாள் விடிகாலையில் முக்திநாத் ஏறி, தரிசனம் முடிச்சு, அன்னிக்கே மார்ஃபாவுக்கு இறங்கி வந்து தூங்குறது. தலைவலி வந்தவன் ஏற மாட்டான். அவனோட ஒருத்தன் கீழே நிற்பான். யார் நிற்கிறது என்பதற்கு சீட்டு குலுக்கிப் பார்க்கிறதா இப்பவே ஒப்பந்தம். அந்த உயரத்தில் நின்னுக்கிட்டு சண்டை போட முடியாதே.

செலவுக் கணக்கில் ஒரு காமெடி. சுனவுலி - முக்திநாத் போய் வர சுமார் 720 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கொடுத்தால் 18 லிட்டர்! வண்டியை ரயிலில் ஏத்தி இறக்குற செலவு அதைவிட அதிகம். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு வேணும். சார்க் நாட்டுக்காரங்க என்பதால் நமக்குக் கட்டணம் குறைவு. போக்ராவிலேயே வாங்கிடலாம், சனிக்கிழமை அங்கே விடுமுறை என்பதை மட்டும் மறந்துடாதீங்க. 2024-லிருந்து நம்ம யு.பி.ஐ. அங்கே க்யூ.ஆர். கோடு வெச்சிருக்கிற கடைகளில் வேலை செய்யுது. ஆனா, மலை மேலே சிக்னலை நம்பி டீ குடிக்க முடியாது. இந்தியப் பணம் கொண்டு போறதா இருந்தால் 100 ரூபாய் நோட்டுகளா வெச்சுக்கிறதுதான் நிம்மதி. பெரிய நோட்டுக்கு 2018-ல் நேபாளம் தடை போட்டதிலிருந்து கடைக்காரங்க அதைச் சந்தேகமாத்தான் பார்க்கிறாங்க.

இப்போதைய நிலவரம்... நாலு பைக்கில் மூணு சர்வீஸ் முடிஞ்சு ரெடி. மூணு அப்பாக்களின் கையெழுத்து வாங்கியாச்சு. ஒருத்தர் மட்டும் ‘ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம்’ என்று பேனாவை சட்டைப் பையிலேயே வெச்சிருக்கார். வாக்காளர் அட்டை இன்னும் பரிசீலனையில். பரீட்சை அட்டவணை நோட்டீஸ் போர்டுக்கு வரலை. கோரக்பூர் ரயிலில் நாலு டிக்கெட் மட்டும் போட்டாச்சு. வெயிட்டிங் லிஸ்ட் 31, 32, 33, 34!